காற்று அடிக்கிறது, காத்தாடி நிற்கிறது

ஆடி மாசம் ஊருக்குப் போனால் வள்ளியூர் தாண்டும்போதே கார் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று அப்படி. மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கும், பைக்கில் போகிறவர்களைச் சாலையின் ஓரத்துக்கே தள்ளிவிடும். பணகுடியிலிருந்து முப்பந்தல் வரை இரண்டு பக்கமும் காற்றாலைகள்தான். நாங்கள் காத்தாடி என்றுதான் சொல்வோம். காற்றாலை என்பது பேப்பரில் வரும் பெயர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஆடியில், பகல் பதினொரு மணி இருக்கும், காரில் போய்க்கொண்டிருந்தோம். பின் சீட்டிலிருந்து என் மகள் கேட்டாள், "காத்து இவ்ளோ அடிக்குது, அந்த வரிசை மட்டும் ஏம்ப்பா சும்மா நிக்குது?" பார்த்தேன். பத்துப் பதினைந்து காத்தாடிகள் இறக்கையைத் திருப்பிவைத்துக்கொண்டு அசையாமல் நின்றன. ரிப்பேராக இருக்கும் என்றேன்.

முன் சீட்டில் இருந்த சித்தப்பா சிரித்தார். மின்வாரியத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். கடைசிச் சில வருஷங்கள் சென்னையில், எந்த மின் நிலையம் எப்போது எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்கிற லோடு டெஸ்பாட்ச் சென்டரில் ஷிப்ட். "ரிப்பேர்னா ஒண்ணு நிக்கும், ரெண்டு நிக்கும் பாப்பா. வரிசையா நின்னா அது சென்னையில இருந்து வந்த போன்" என்றார்.

இத்தனைக்கும் இந்தியாவில் காற்றாலைப் பண்ணைகள் முதலில் வந்த இடங்களில் எங்கள் தெற்குச் சீமையும் ஒன்று. 1986-லேயே தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் காத்தாடிகளை நட்டுவிட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். அப்படியிருக்க, நல்ல காற்றில் காத்தாடியை நிறுத்தச் சொல்லி எதற்கு ஒரு போன்? அன்று ஆரம்பித்த பேச்சு, சித்தப்பாவுக்கும் எனக்கும் இன்னும் முடியவில்லை.

முதலில் ஐம்பது. மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கிற கம்பிவலைதான் கிரிட். அதில் ஓடும் மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் அலைகிறது என்பது பிரீக்வென்சி. நம் கிரிட்டில் அது 50, அதாவது 50 ஹெர்ட்ஸ். எந்த நொடியிலும் ஊர் இழுக்கிற மின்சாரமும் உற்பத்தியாகிற மின்சாரமும் சமமாக இருந்தால் இந்த எண் அசையாது. இழுப்பது கூடினால் இறங்கும், உற்பத்தி கூடினால் ஏறும். 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால் சப்ஸ்டேஷன்களில் இருக்கிற ரிலேக்கள் என்ற தானியங்கிக் கருவிகள் யாரையும் கேட்காமல் பீடர்களை, அதாவது ஊர்களுக்குப் போகிற லைன்களை, வெட்டிவிடும். சித்தப்பா ரிட்டயர் ஆகியும் இந்த எண்ணை விடவில்லை. இணையத்தில் நேரலையாகவே காட்டுகிறார்கள். சில பேர் தங்கம் விலையைப் பார்ப்பதுபோல அவர் காலையில் காபியோடு பிரீக்வென்சி பார்ப்பார்.

2020 ஏப்ரல் 5 ராத்திரி அவர் போனை விட்டு நகரவே இல்லை. கொரோனா ஊரடங்கில் ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் வீட்டு விளக்குகளை அணைத்து அகல் ஏற்றச் சொன்னார்களே, அந்த ராத்திரி. தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். குறைந்ததோ சுமார் 31,000 மெகாவாட். சில நிமிஷங்களில் அவ்வளவும் விழுந்து, சில நிமிஷங்களில் திரும்ப ஏறியது. பிரீக்வென்சி 50.26 வரை போனது, 49.70 வரை இறங்கியது, அவ்வளவுதான். காப்பாற்றியது தண்ணீர். நாடு முழுக்க நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே முழு வேகத்தில் ஓடவிட்டு, சரியான நேரத்தில் 17,000 மெகாவாட்டுக்கு மேல் சடசடவென்று குறைத்து, பிறகு அதே வேகத்தில் ஏற்றினார்கள். நிலக்கரியால் அந்த ஆட்டம் ஆட முடியாது. சித்தப்பா அன்று ராத்திரி எனக்கு அனுப்பிய வாட்ஸாப் செய்தியில் ஒரே ஒரு வார்த்தைதான், "தப்பிச்சோம்".

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு மின்வாரியம் எந்த மின்சாரத்தை வாங்குவது என்று எப்படி முடிவெடுக்கிறது என்பது பாதி புரிந்துவிடும். நாம் பேப்பரில் பார்ப்பது யூனிட் விலை மட்டும். சோலார் இரண்டரை ரூபாய்க்கு இறங்கிவிட்டது, பிறகு ஏன் கரியை எரிக்கிறார்கள் என்று கேட்கிறோம். நானும் கேட்டேன். அதற்கு அவர் என்னைத் தோவாளைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நிஜமாகவே. ஆரல்வாய்மொழிக்கு அடுத்த ஊர், பூச்சந்தைக்குப் பேர்போனது. முகூர்த்த நாளில் மல்லிகை விலையைக் கேட்டால் தலை சுற்றும். முகூர்த்தம் இல்லாத நாளில் வரத்து கூடினால் பறித்த கூலிகூடத் தேறாது. அதே பூ, அதே வாசம். இன்று மிஞ்சியதை அடுத்த வார முகூர்த்தத்துக்கு எடுத்துவைக்கவும் முடியாது. "கரண்டும் அதேதான். மத்தியானம் பன்னெண்டு மணி யூனிட்டும் ராத்திரி ஏழரை மணி யூனிட்டும் ஒரே சரக்குன்னு நினைக்கக்கூடாது" என்றார்.

தமிழ்நாட்டின் அதிகபட்சத் தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரி நாளுக்கு ஆள் வைத்திருக்க வேண்டும். ஆனால் காத்தாடிக்கு முகூர்த்தம் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான். வருஷ உற்பத்தியில் பெரும்பகுதி அந்த நாலைந்து மாசத்தில் வந்துவிடும். அதே மாசங்களில் மழை பெய்து ஊர் குளிர்ந்தால் ஏசியெல்லாம் நின்று தேவை சரியும். சோலாரோ வெயில் இருக்கிற வரை வேலைக்காரன், மாலை ஆறரைக்கு வீட்டுக்குப் போய்விடுவான். நாம் ஆபீஸிலிருந்து வந்து ஃபேன், டிவி, மோட்டார், மிக்ஸி எல்லாம் போடுவது அதற்குப் பிறகு. அந்த இரண்டு மணி நேரத்தில் சோலார் விட்டுச்சென்ற இடத்தை யார் நிரப்புவது? இதற்குப் பதில் இல்லாமல் எவ்வளவு மலிவான சோலார் வாங்கினாலும் அது பகல் கணக்கு மட்டும்தான்.

நிரப்புவதற்குப் பெரும்பாலும் இன்றைக்கு இருப்பது கரி. அனல் மின் நிலையத்தை ஸ்விட்ச் போட்டதுபோல நிறுத்தி எழுப்ப முடியாது. முழுக்க ஆறிப்போன பாய்லரைத் திரும்பச் சூடேற்றிக் கிரிட்டில் இணைக்கப் பல மணி நேரம் ஆகும், அதற்கு எண்ணெய்ச் செலவு வேறு. அதனால் சாயங்காலத்துக்கு அது வேண்டும் என்றால் மத்தியானமும் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு மெதுவாக? மத்திய விதிகளின்படி திறனில் 55 சதவீதம் வரை இறக்கலாம். அதை 40-க்குக் கொண்டுபோகும் வேலை நடக்கிறது. கூடங்குளம் அணு உலைகளையோ காற்றுக்குத் தக்கபடி ஏற்றி இறக்குவதில்லை.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன், எண்கள் என் கற்பனை. ஜூலை மாசம், ராத்திரி இரண்டு மணி, ஊரெல்லாம் மழை. தேவை 11,000. காற்று பேய்த்தனமாக அடித்து 5,000 வருகிறது. கரியை 55-க்கு இறக்கியும், அணுவையும் மத்திய அரசு நிலையங்களின் பங்கையும் சேர்த்து 7,000. ஆயிரம் மிச்சம். பக்கத்து மாநிலங்களிலும் மழை, வாங்க ஆளில்லை. அப்போது போன் போகும். இந்த மாதிரி ராத்திரியில் காத்தாடி நின்றால் அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் நாங்கள் பார்த்தது பகல் பதினொரு மணி.

இங்கேதான் விஷயம் கொஞ்சம் அழுக்காகிறது. சோலார், காற்று ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரே விலை. யூனிட் வாங்கினால் காசு, வாங்காவிட்டால் இல்லை. கரி நிலையத்துக்கு இரண்டு விலை. கட்டிய கடனுக்கும் ஆள் சம்பளத்துக்குமான நிலைக்கட்டணம் ஒன்று, எரித்த கரிக்கான விலை இன்னொன்று. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் முதலாவதைக் கட்டித்தான் ஆக வேண்டும். இப்போது மின்வாரியக் கணக்குப்பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கமுதியில் 2016-ல் திறந்த 648 மெகாவாட் சோலார் பூங்காவின் ஒப்பந்த விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். அது அன்றைய விலை, 25 வருஷ ஒப்பந்தம். அடுத்த வருஷமே ராஜஸ்தானின் பட்லாவில் சோலார் ஏலம் 2.44-க்கு இறங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்ல முடியாது, விலை அப்படி விழும் என்று யாருக்குத் தெரியும். ஆனால் போட்டது போட்டதுதான். கையில் பணமில்லாத நாளில் ஏழு ரூபாய் யூனிட்டை நிறுத்தினால் ஏழு ரூபாய் மிச்சம், கரியை நிறுத்தினால் கரியின் விலை மட்டும்தான் மிச்சம். எதை நிறுத்தத் தோன்றும்?

சட்டமோ சூரியனையும் காற்றையும் கட்டாயம் ஓடவிட வேண்டும், கிரிட் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் நிறுத்தலாம் என்கிறது. ஆகவே நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டிய காரணம் கிரிட் பாதுகாப்பு. சோலார் உற்பத்தியாளர்களின் சங்கம் தமிழ்நாட்டில் நடந்த இந்த நிறுத்தங்களை எதிர்த்து வழக்குப் போட்டது. விவகாரம் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனபோது, தேசிய கிரிட்டை நடத்துகிற போசோகோவை (இப்போது அதன் பெயர் கிரிட் இந்தியா) நிறுத்த உத்தரவுகளை ஆராயச் சொன்னார்கள். அவர்கள் செய்தது எளிய வேலை. நிறுத்தச் சொன்ன நேரங்களை எடுத்து, அந்த நேரத்தில் பிரீக்வென்சி என்ன என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான நேரங்களில் எண் விதித்த எல்லைக்குள்ளேயே இருந்தது. 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கிரிட் பாதுகாப்புக்காக அல்லாமல் நிறுத்தப்பட்ட மின்சாரத்துக்கு ஒப்பந்த விலையில் 75 சதவீதம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இந்தத் தீர்ப்பைப் பற்றிச் சித்தப்பாவிடம் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பிரீக்வென்சி ஒண்ணுதான் கிரிட்டா? ஒரு லைன் ஓவர்லோடு ஆனா அந்த எண்ல தெரியாது. வோல்டேஜ் ஏறினா தெரியாது" என்றார். அதுவும் நியாயம்தான். எங்கள் பக்கத்தில் பழைய 225, 250 கிலோவாட் காத்தாடிகள் நிறைய. அவை கிரிட்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே, தன் காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரைக் கிரிட்டிலிருந்தே உறிஞ்சும். கொஞ்சம் வோல்டேஜ் தள்ளாடினால் மொத்தமாகக் கழன்றுகொள்ளும். தாங்க வேண்டிய நேரத்தில் கைவிடுகிற சொந்தக்காரன் மாதிரி. 2024-ல் தமிழக அரசு பழசை எடுத்துவிட்டுப் புதுசு நடுவதற்குத் தனிக் கொள்கை கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வோல்டேஜ் பேச்சு வெறும் சாக்கு இல்லை என்பதை 2025 ஏப்ரல் 28 காட்டியது. பகல் பன்னிரண்டரை மணிக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொத்தமாக இருண்டன. விசாரித்தவர்கள் சொன்னது, மின்சாரம் பற்றாமல் போகவில்லை, வோல்டேஜ் கட்டுக்கு மீறி ஏறி, ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் கழன்றன என்று. வெயில் நன்றாக அடித்த நாள். சூரியன்தான் குற்றவாளி என்று உடனே எழுதியவர்களும் உண்டு, ஆனால் வோல்டேஜைப் பிடித்து நிறுத்தவேண்டிய வேலையை யாருக்கு எவ்வளவு கொடுத்திருந்தார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. சோலார் மின்சாரத்தைக் கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற கருவி இன்வெர்ட்டர். புதிய இன்வெர்ட்டர்களாலும் அந்த வேலையைச் செய்ய முடியும். விதியில் எழுதி, அதற்குக் காசும் கொடுக்க வேண்டும்.

அதற்கு இரண்டரை மாசம் முன்னால் இலங்கை. பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். பாணந்துறை சப்ஸ்டேஷனில் ஒரு குரங்கு விழுந்ததில் நாடு முழுக்க கரண்ட் போனது. உலகமே குரங்கைப் பார்த்துச் சிரித்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. "ஞாயிறு, ஆபீஸ் ஃபேக்டரி லீவு, லோடு கம்மி. கூரை சோலார் உச்சம். சுத்துற சக்கரம் எத்தனை இருந்திருக்கும்?" என்றார். சக்கரம் என்று அவர் சொல்வது டர்பைனையும் ஜெனரேட்டரையும். கால் மிதிக்கிற தையல் மிஷினில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத்தானே நிற்கும், அந்த நாலு சுற்றுதான் கிரிட்டுக்குக் கிடைக்கிற அவகாசம். நிமிஷத்துக்கு 3,000 தடவை சுற்றுகிற பெரிய இரும்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அவகாசம் குறையும். சோலார் பேனலில் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த வருஷம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இலங்கை மின்சார சபை, கூரை சோலார் வைத்திருப்பவர்களைப் பகலில் அணைத்துவைக்கும்படி கேட்டுக்கொண்டது. ஊரே விடுமுறையில் இருக்க, அடிக்கிற வெயிலை என்ன செய்வது?

சரி, என்னதான் செய்வது? என்னைக் கேட்டால் விடைகளில் பாதி பழைய விடைகள். கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஆனைமலைப் பக்கம் காடம்பாறை என்று ஒரு மின் நிலையம், 400 மெகாவாட். 1980-களின் கடைசியில் கட்டியது. மலைக்கு மேலே ஒரு தண்ணீர்த் தேக்கம், கீழே ஆழியாறு. மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்று, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடு. கட்டிய காலத்தில் ராத்திரி மிச்சக் கரண்டில் ஏற்றி மாலை உச்சத்தில் இறக்குவது என்று நினைத்தார்கள். சோலார் வந்தபிறகு பகலில் ஏற்றுவதற்கும் பொருத்தமாகிவிட்டது. இதுபோல நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு ஒன்று கட்டுகிறார்கள். கட்டுகிறார்கள், கட்டுகிறார்கள். அதற்குமேல் அதைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும்.

மேட்டூர் மாதிரி அணைகளை ஏன் இப்படி இஷ்டத்துக்கு ஆட்டக்கூடாது என்று கேட்டேன். டெல்டாவுக்குத் தண்ணீர் திறப்பதைப் பொறுத்துத்தான் அங்கே மின்சாரம், பாசனத்துக்குப் பிறகுதான் வாரியம். அது சரியும்கூட.

எனக்கு ரொம்பப் பிடித்த விடை பம்புசெட். எங்கள் அப்பாவுக்கு மும்முனை கரண்ட் ராத்திரியில் வரும். ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவார். பாம்புக்குப் பயந்து தரையில் குச்சியைத் தட்டிக்கொண்டே போகிற சத்தம் தூக்கத்தில் கேட்கும். ராத்திரியில் ஏன் என்றால் அப்போது கரி மின்சாரம் மிச்சம், ஊர் தூங்குகிறது. விவசாயி தூங்கவேண்டாமா என்று எந்தக் கணக்கிலும் இல்லை. இப்போது மிச்சம் பகலுக்கு வந்துவிட்டது. கர்நாடகமும் குஜராத்தும் பம்புசெட் லோடைச் சோலார் நேரத்துக்கு மாற்றியிருக்கின்றன. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், நேர அட்டவணையை மாற்றி, பகல் லோடைத் தாங்குகிற மாதிரி பீடர்களைச் சரிசெய்தால் பெரும்பாடு தீர்ந்தது. கிணற்றுத் தண்ணீரும் வாய்க்காலும் ஒரு வகையில் பேட்டரிதான். பேட்டரி என்றே பெயருள்ள பேட்டரியும் வரத்தான் போகிறது. விலை இறங்கிக்கொண்டே இருக்கிறது, மாலை இரண்டு மணி நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் ஆடிக் காற்றை மாசிக்கு எடுத்துவைக்க அதனால் ஆகாது.

மாசி என்றதும் மில்காரர்கள் ஞாபகம் வருகிறது. கோவை, திருப்பூர்ப் பக்கத்து மில்கள் எங்கள் ஊரில் காத்தாடி வைத்து, சீசனில் உற்பத்தியான யூனிட்டை வாரியத்தில் வரவு வைத்து, காற்றில்லாத மாசங்களில் எடுத்துக்கொள்வார்கள். பேங்கிங் என்று பெயர். சித்தப்பாவுக்கு இதைச் சொன்னாலே முகம் சிவந்துவிடும். "விலை விழுந்த நாள்ல பூவைக் குடுத்துட்டு முகூர்த்தத்தன்னைக்கு எடையைச் சரிபார்த்து வாங்கிட்டுப் போறான்" என்பார். அந்த பேங்கிங் இல்லாவிட்டால் இத்தனை காத்தாடிகளை யார் நட்டிருப்பார்கள் என்று நான் கேட்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும், சித்தி காபி கொண்டுவருவாள்.

இன்னொரு பக்கம் கம்பி. 2012 ஜூலை 30, 31-இல் வட இந்தியா முழுக்க இருண்டபோது நமக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அன்று தென்னக கிரிட் தனி. 2013-இன் கடைசி நாளில் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக இணைந்தோம். தனியாக இருந்தபோது நம் பகுதியில் காற்று மிஞ்சினால் பெரும்பாலும் மிஞ்சியதுதான். இப்போது ஆடிக் காற்றை வடக்கே விற்கலாம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கத்துப் புகளூருக்கு வந்த 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை அங்கிருந்து கரி மின்சாரம் கொண்டுவரத்தான் முதலில் நினைத்தது. அதையே திருப்பி வடக்கே அனுப்பவும் முடியும். பெரிய பரப்பில் எல்லாருடைய காற்றும் ஒரே நேரத்தில் ஓயாது. நாளை எவ்வளவு அடிக்கும் என்பதைப் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் கணித்துக் கொடுக்கிறது. ஒரு நாளை 15 நிமிஷமாக 96 துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். கணிப்பு நன்றாக இருந்தால் காத்திருக்க வைக்கும் கரியைக் குறைக்கலாம்.

போன ஆடியிலும் ஊருக்குப் போயிருந்தோம். சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம், பேச்சு கேட்காத அளவுக்குக் காற்று. மேற்கே அதே வரிசை, அன்று மத்தியானத்திலிருந்தே நின்றுகொண்டிருந்தது. சித்தப்பா போனை எடுத்து மகளிடம் காட்டினார், 50.01. "எல்லைக்குள்ளதானே தாத்தா இருக்கு, அப்புறம் ஏன் நிறுத்தி வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். லைனாக இருக்கும் என்றார். வோல்டேஜாக இருக்கும் என்றார். அப்புறம் சும்மா இருந்தார்.

ஆறே முக்கால் இருக்கும். மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய், உயரமான காத்தாடிகளின் தலையில் சிவப்பு விளக்குகள் மினுங்க ஆரம்பித்தன. முதலில் ஒன்று லேசாக அசைந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஐந்து நிமிஷத்தில் வரிசை முழுக்கச் சுற்றியது.

"போன் வந்துட்டு" என்றார் சித்தப்பா.